பிரிட்டனின் வாக்குமுறை: மாற்ற வேண்டும் என்கிறார்கள் மக்கள், எதற்கு மாற்றுவது?

2019 பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி 32.1% வாக்கு வாங்கி 202 இடங்களோடு படுதோல்வி கண்டது. 2024 ஜூலை 4 அன்று அதே கட்சி 33.7% வாங்கியது. இடங்கள் 411. வாக்கு கூடியது ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேல். இடங்களோ இரண்டு மடங்கு. இவற்றுக்கு முன் 2017-ல் 40% வாங்கியபோது அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 262 இடங்கள்தான், ஆட்சியும் கிடைக்கவில்லை. மூன்று தேர்தல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், வாக்கு எண்ணிக்கைக்கும் நாடாளுமன்ற இடங்களுக்கும் நேரான உறவே இல்லை என்பது விளங்கும்.

மற்ற கட்சிகளின் கணக்கு இன்னும் கடுமை. 2024-ல் ஓர் உறுப்பினரைப் பெறத் தொழிற்கட்சிக்குச் சராசரியாக ஏறத்தாழ 23,600 வாக்குகள் போதுமாக இருந்தன. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 56,000-க்கு மேல், லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு சுமார் 49,000. பசுமைக் கட்சிக்கு நான்கரை லட்சத்துக்கும் மேல். 41 லட்சம் வாக்கு வாங்கிய வலதுசாரி ரிஃபார்ம் யுகே கட்சி ஐந்தே இடங்களோடு நின்றது, அதாவது ஓர் உறுப்பினருக்கு எட்டு லட்சம் வாக்குகள்.

இந்தப் பின்னணியில்தான் மக்கள் கருத்து மாறியிருக்கிறது. ஆனால் "மாற்ற வேண்டும்" என்பது பாதி முடிவுதான். எந்த முறைக்கு மாற்றுவது, அதில் எதை இழக்கத் தயார் என்பது மீதிப் பாதி. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற தகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். எனவே அங்குள்ள தமிழர்களில் பலருக்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் உட்பட, இது தாங்களே எடுக்க வேண்டிய முடிவு.

கருத்துக்கணிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு. 1980-கள் முதல் நடந்துவரும் இது, வாக்குமுறை பற்றி ஏறக்குறைய ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது: சிறிய கட்சிகளுக்கு நியாயமான பங்கு கிடைக்க முறையை மாற்ற வேண்டுமா, அல்லது திறமாக ஆளும் அரசு அமைய இப்போதுள்ள முறையையே வைத்துக்கொள்ள வேண்டுமா? 2011-ல் மாற்றம் வேண்டும் என்றவர்கள் கால் பங்கைச் சற்றே தாண்டினார்கள். 2021-ல் 51% ஆகி முதன்முறையாகப் பாதியைக் கடந்தது. 2024 தேர்தலுக்குப் பின் எடுத்ததில் 60% மாற்றத்தின் பக்கம், 36% பழைய முறையின் பக்கம்.

யூகவ் நிறுவனம் 2025 தொடக்கத்தில் எடுத்த கணிப்பில் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்கு (வாக்குப் பங்குக்கேற்ப இடங்கள் தரும் முறை) 49%, இப்போதைய முறைக்கு 26%. மீதிக் கால் பங்கு "தெரியாது" என்றது. ஒரே நாடு, ஒரே காலம்; அப்படியிருந்தும் 60-க்கும் 49-க்கும் இடையே பெரிய இடைவெளி. காரணம் கேள்வியின் அமைப்பு. முதல் ஆய்வு இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லிக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இரண்டாவது, தெரியாது என்று ஒதுங்க வழி விடுகிறது. அந்தக் கால் பங்குதான் ஒரு பொதுவாக்கெடுப்பில் முடிவைத் தீர்மானிக்கும். பிரசாரம் தொடங்கியதும் தெரியாதவர்கள் பெரும்பாலும் இருப்பதை விட்டுவிடத் துணிவதில்லை.

2011 மே 5 அதற்குச் சாட்சி. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப எண் போடும், மாற்று வாக்கு எனப்படும் ஏவி முறையை ஏற்பதா என்ற பொதுவாக்கெடுப்பு அன்று நடந்தது. தொடக்கக் கணிப்புகள் சிலவற்றில் 'ஆம்' முன்னிலையில் இருந்தது. முடிவில் 'இல்லை' 67.9%, 'ஆம்' 32.1%. வாக்கு எண்ணிய 440 பகுதிகளில் பத்தில் மட்டுமே 'ஆம்' வென்றது: ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லண்டனின் ஆறு பகுதிகள், எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஒவ்வொன்று. வாக்களித்தவர்கள் 42% அளவில்தான்.

அங்கே என்ன தவறாகப் போனது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். விகிதாசாரத்தைக் கேட்டவர்களுக்கு விகிதாசாரம் இல்லாத ஒன்று வாக்குச்சீட்டில் வைக்கப்பட்டது. அந்தப் பொதுவாக்கெடுப்பைப் பெற்றுத் தந்த லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கே அதற்கு ஓராண்டு முன் ஏவி-யை அற்பமான சமரசம் என்று சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு அந்தச் சொற்களை எடுத்துப் பயன்படுத்தியது. ஏவி வந்தால் 25 கோடி பவுண்டு செலவு, எண்ணும் இயந்திரங்கள் வாங்க வேண்டும் என்றும் பிரசாரம் செய்தது. ஆஸ்திரேலியா அதே முறையில் பல தலைமுறைகளாகக் கையால் எண்ணிவருகிறது. ஆனாலும் 'பச்சிளம் குழந்தைக்குத் தேவை மகப்பேறு வார்டு, புது வாக்குமுறை அல்ல' என்ற விளம்பரத்தின் முன் அந்த மறுப்பு எடுபடவில்லை. முழு மனதோடு ஆதரிப்பவர் யாருமே இல்லாத ஒரு முறையை முன்னே தள்ளினால் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்கள். மக்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை என்பதைத்தான் 60% காட்டுகிறது.

எனவே இப்படிப்பட்ட கணிப்பு எதைப் பார்த்தாலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கேள்வியின் முழு வாசகம், "தெரியாது" என்றவர்கள் எத்தனை பேர், எந்தத் தேர்தலுக்குப் பின் எத்தனை மாதத்தில் எடுத்தது, பெயர் சொல்லி ஒரு முறையைக் கேட்டார்களா, அல்லது "மாற்றம்" என்று பொதுவாகக் கேட்டார்களா. கடைசிக் கேள்விதான் பெரும்பாலான கணிப்புகளில் இடறும் இடம். தோற்ற கட்சியின் ஆதரவாளர்களிடையே மாற்றத்துக்கு ஆதரவு ஏறுவதும் வென்றவர்களிடையே இறங்குவதும் வழக்கம் என்பதால், மூன்றாவது கேள்வியும் லேசானதல்ல.

இப்போதுள்ளது: எளிய பெரும்பான்மை முறை

இந்திய வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மக்களவையிலும் சட்டமன்றத்திலும் நடப்பது இதுவே. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. 650 தொகுதிகள். வாக்குச்சீட்டில் ஒரு பெருக்கல் குறி. இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தால் பொழுது விடிவதற்குள் யார் பிரதமர் என்று தெரிந்துவிடும். குறை சொல்லப் போக, கடிதம் எழுத, "என் எம்பி" என்று ஒருவர் இருப்பார். இவை உண்மையான நன்மைகள்; மாற்றத்தை விரும்புவோர் இவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

நிலையான அரசு தரும் என்ற வாதம் மட்டும் இனி நிற்காது. 2010-லும் 2017-லும் தனிப்பெரும்பான்மை யாருக்கும் இல்லை. 1951-ல் தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் ஆட்சியைக் கன்சர்வேட்டிவ் பிடித்தது. 1974 பிப்ரவரியில் இது தலைகீழாக நடந்தது. இரண்டு பெரிய கட்சிகள் பத்தில் ஒன்பது வாக்குகளைப் பகிர்ந்துகொண்ட காலத்துக்கு இந்த முறை பொருந்தியது. இங்கிலாந்தில் ஐந்து கட்சிகள் தீவிரமாக மோதும் இன்று அது கண்மூடித்தனமாக முடிவு தருகிறது. தென்மேற்கு நார்ஃபோக்கில் 2024-ல் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸை 630 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தவர் வாங்கியது 26.7%, மூன்றாவதாக வந்த ரிஃபார்ம் 22.5%. அந்தத் தொகுதியில் நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் வேறு யாருக்கோதான் வாக்களித்தார்கள். 2025 மேயில் மேற்கு இங்கிலாந்து வட்டார மேயர் பதவியும் 25% வாக்கிலேயே முடிவானது.

தீவிரக் கட்சிகளை இந்த முறை வெளியே நிறுத்திவைக்கும் என்று பல காலம் சொன்னார்கள். ஒரு கட்சி ஐந்து சதவீதத்தில் இருக்கும் வரை அது சரி. முப்பது சதவீதத்தைத் தொட்டு, மற்றவர்கள் நான்காகப் பிரிந்து நின்றால், அதே கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மையைத் தூக்கிக் கொடுப்பதும் இந்த முறைதான்.

ஏவி: சிறிய மாற்றம், சிறிய பலன்

அதே தொகுதி, அதே ஒரு உறுப்பினர். பெருக்கல் குறிக்குப் பதில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு இதன் சுருங்கிய உறவு. அங்கே முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் ஒரே மூச்சில் நீக்கப்படுவார்கள், இங்கே ஒவ்வொருவராக.

ஒரு பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க இது நல்ல முறை. நாடாளுமன்றத்துக்கு உதவாது, ஏனென்றால் வாக்குப் பங்குக்கும் இடங்களுக்கும் உள்ள இடைவெளியை இது மூடுவதில்லை. சில நேரம் விரிவாக்கவும் செய்யும். டோனி பிளேர் அரசு அமைத்த ஜென்கின்ஸ் ஆணையம் 1998-ல் இதைத் தெளிவாகவே சொன்னது: 1997 தேர்தல் ஏவி-யில் நடந்திருந்தால் தொழிற்கட்சியின் மிகைப் பெரும்பான்மை இன்னும் பெருத்திருக்கும். அதனால்தான் அந்த ஆணையம் ஏவி-யோடு 15 முதல் 20% ஈடுகட்டும் இடங்களைச் சேர்த்து ஒரு கலவையைப் பரிந்துரைத்தது. அரசு அதைக் கிடப்பில் போட்டது.

லண்டன் மேயருக்கு 2000 முதல் 2021 வரை இருந்த துணை வாக்கு முறையும் இந்தக் குடும்பம்தான். இரண்டு விருப்பம் மட்டும், இரண்டு பத்தியில் குறி. அதில் நேர்ந்த கோளாறு வடிவமைப்பில். 2021-ல் வேட்பாளர் பட்டியல் நீண்டு, சீட்டில் இரண்டு பகுதியாக உடைத்து அச்சிட்டார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு முதல் விருப்பம் போட வேண்டும் என்று பலர் நினைத்துவிட்டதால், செல்லாத சீட்டுகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2022 சட்டம் இந்த முறையையே ஒழித்தது. இப்போதைய அரசு 2025 ஜூலையில் கொண்டுவந்த மசோதா அதை மேயர்களுக்கு மீட்க முன்வந்தது. மேயருக்குச் சரி, 650 இடங்களுக்கு இது தீர்வாகாது.

கட்சிப் பட்டியல்: வேல்ஸ் எடுத்த வழி

வேல்ஸ் சட்டமன்றம் 2024-ல் ஒரு சட்டம் இயற்றித் தன்னையே மாற்றிக்கொண்டது. 60 உறுப்பினர்கள் 96 ஆகிறார்கள்; 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர்; 2026 மே தேர்தல் முதல் இது நடைமுறை. வாக்காளர் கட்சிக்கு வாக்களிப்பார். பட்டியலில் யார் முதலில், யார் கடைசியில் என்பதைக் கட்சி முடிவு செய்யும்.

இடம் பிரிக்கும் கணக்கின் பெயர் டோன்ட் முறை. கட்சியின் வாக்கை 1, 2, 3 என்று வரிசையாக வகுத்து, வரும் ஈவுகளில் மிகப் பெரிய ஆறை எடுத்தால் ஆறு இடங்களும் போய்விடும். ஒரு லட்சம் வாக்கு உள்ள கற்பனைத் தொகுதியில் அ கட்சி 36,000, ஆ 25,000, இ 15,000, ஈ 10,000, மீதி சிதறியது என்று வைத்துக்கொள்வோம். அ-வின் ஈவுகள் 36,000, 18,000, 12,000. ஆ-வுக்கு 25,000, 12,500. இ-க்கு 15,000. இவையே முதல் ஆறு. அ மூன்று இடம், ஆ இரண்டு, இ ஒன்று. ஈ-யின் 10,000 ஆறாவது ஈவான 12,000-ஐ எட்டவில்லை, ஒன்றும் கிடையாது. சட்டத்தில் குறைந்தபட்ச வாக்கு வரம்பு எதுவும் எழுதப்படவில்லை; ஆனாலும் ஆறு இடத் தொகுதியில் பத்து, பன்னிரண்டு சதவீதம் இல்லாமல் நுழைவது கடினம். "விகிதாசாரம்" என்ற சொல்லை நம்பி, இரண்டு சதவீதக் கட்சிக்கும் இடம் கிடைக்கும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

குறை வெளிப்படை. ஒரு மோசமான வேட்பாளர் பட்டியலின் தலையில் இருந்தால் அவரைத் தோற்கடிக்க வாக்காளருக்கு வழியில்லை, கட்சியையே கைவிட்டால்தான் உண்டு. 2017-ல் வேல்ஸின் நிபுணர் குழு முதலில் பரிந்துரைத்தது இதையல்ல, பின்னால் விளக்கப்படும் எஸ்டிவி என்ற ஒற்றை மாற்று வாக்கு முறையை. கட்சிகள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டன என்பதே எங்கள் மதிப்பீடு. இங்கிலாந்து இதைப் பின்பற்றக் கூடாது.

கூடுதல் உறுப்பினர் முறை: ஸ்காட்லாந்தின் அனுபவம்

வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, மற்றது வட்டாரக் கட்சிப் பட்டியலுக்கு. ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தின் 129 இடங்களில் 73 தொகுதி, 56 பட்டியல்: எட்டு வட்டாரம், ஒவ்வொன்றிலும் ஏழு. தொகுதிகளில் ஒரு கட்சி ஏற்கெனவே வென்ற இடங்களைக் கணக்கில் எடுத்து, குறைவாகப் பெற்ற கட்சிகளுக்குப் பட்டியலிலிருந்து ஈடுகட்டுவார்கள்.

2021 முடிவு இதை நன்றாகக் காட்டும். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியான எஸ்என்பி 73 தொகுதிகளில் 62-ஐ அள்ளியது. அதனால் பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் இரண்டே இடம் கிடைத்தது. மொத்தம் 64, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. பசுமைக் கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லாமல் பட்டியலில் எட்டு இடம் பெற்றது. முடிவு மக்கள் வாக்குக்கு நெருக்கமாக இருந்தது, தொகுதி எம்பி என்ற உறவும் அறுபடவில்லை. இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு இது இயல்பான தேர்வு.

இடறும் இடங்களும் உண்டு. இரண்டாவது வாக்கை "இரண்டாவது விருப்பம்" என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் இடங்களின் மொத்தக் கணக்கை நிர்ணயிப்பது அந்தப் பட்டியல் வாக்கே. 2007-ல் இரண்டு வாக்குகளையும் ஒரே தாளில் அச்சிட்டு, அதே நாளில் வேறொரு முறையில் உள்ளாட்சித் தேர்தலையும் வைத்ததில் 1.4 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. இன்னொன்று விகிதம். வேல்ஸின் பழைய அமைப்பில் 40 தொகுதிக்கு 20 பட்டியல் இடம் மட்டுமே. ஈடுகட்டப் போதாமல், 2021-ல் 36% பட்டியல் வாக்கோடு தொழிற்கட்சி பாதி இடங்களைப் பிடித்தது. பட்டியல் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த முறையின் பயன் வேகமாகக் கரையும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்கு இதைக் கொண்டுவருவதென்றால் 650 இடங்களில் 390 தொகுதி, 260 பட்டியல் என்று வரும். இப்போது ஒரு தொகுதிக்கு சுமார் 73,000 வாக்காளர்கள். அது 1,22,000 ஆகும். எல்லாத் தொகுதியையும் புதிதாக வரைய வேண்டும். "என் எம்பி" இருப்பார், ஆனால் இன்னும் 49,000 பேரோடு அவரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எஸ்டிவி: வாக்காளர் கையில் அதிக அதிகாரம்

தமிழ்நாட்டில் மாநிலங்களவைத் தேர்தல் வந்தால் "ஓர் இடத்துக்கு 34 எம்எல்ஏ வேண்டும்" என்று பத்திரிகைகள் எழுதும். 234 பேர், ஆறு இடம்; 234-ஐ ஏழால் வகுத்தால் 33.4, அதைத் தாண்ட 34. அந்த ஒற்றை மாற்று வாக்குதான் எஸ்டிவி. அங்கே எம்எல்ஏக்கள் போடுவதை இங்கே பொதுமக்கள் போடுவார்கள், அவ்வளவே வித்தியாசம். வட அயர்லாந்து உள்ளாட்சியில் 1973 முதலும், ஸ்காட்லாந்து உள்ளாட்சியில் 2007 முதலும் இது நடக்கிறது. அயர்லாந்துக் குடியரசில் நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே 1959-லும் 1968-லும் ஆளுங்கட்சி இதை ஒழிக்கப் பொதுவாக்கெடுப்பு வைத்தது; இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் கைவிட மறுத்த முறை என்பது எந்தக் கணிப்பையும் விட எடை கூடிய சான்று.

எண்ணும் விதம்: நான்கு இடம் உள்ள வார்டில் செல்லும் வாக்கு 5,000 என்றால் ஒருவர் வெல்ல வேண்டிய ஒதுக்கீடு (கோட்டா) 1,001 (5,000-ஐ ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டியது). ஒருவர் 1,500 வாங்கினால் அவர் தேர்வு; உபரி 499. எந்த 499 சீட்டை எடுப்பது என்ற சண்டை வராமலிருக்க, ஸ்காட்லாந்தில் அவருடைய 1,500 சீட்டுகளையும் அடுத்த விருப்பத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் மதிப்பும் 499-ஐ 1,500-ஆல் வகுத்த 0.33266. உபரி தீர்ந்ததும் கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் சீட்டுகளை அப்போதுள்ள மதிப்பிலேயே மாற்றுவார்கள். இடங்கள் நிரம்பும் வரை இது தொடரும். ஸ்காட்லாந்து கணினியில் எண்ணுகிறது. வட அயர்லாந்து கையால் எண்ணுவதால் வேலை இரண்டாம் நாள் வரை போகும். விடியற்காலை முடிவு வேண்டும் என்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

பலன் எப்படி இருக்கும் என்பதற்கு வட அயர்லாந்தின் 2022 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். 90 இடம், தொகுதிக்கு ஐந்து. இரு தரப்பிலும் சேராத அலையன்ஸ் கட்சிக்கு முதல் விருப்பம் 13.5%, இடங்கள் 17. பிரிட்டனோடு இணைந்திருப்பதைத் தீவிரமாக வலியுறுத்தும் டியுவி கட்சிக்கு முதல் விருப்பம் 7.6%, இடம் ஒன்றே ஒன்று. வேறுபாடு எங்கிருந்து வந்தது? அலையன்ஸுக்கு எல்லாத் தரப்பிலிருந்தும் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் வந்தன. டியுவி-யை அதன் ஆதரவாளர்களைத் தவிர மற்றவர்கள் எண் போடாமல் விட்டார்கள். பிறரால் ஏற்கப்படும் கட்சிக்கு இந்த முறை கூலி கொடுக்கும், பிறரை விரட்டும் கட்சியைத் தண்டிக்கும். பிளவுபட்ட சமூகத்தில் இதைவிடப் பெரிய தகுதி ஒரு வாக்குமுறைக்கு வேண்டியதில்லை.

கட்சிகளுக்குத்தான் தலைவலி. எத்தனை பேரை நிறுத்துவது என்ற கணக்குத் தப்பினால் இடம் போகும். 2020 அயர்லாந்துத் தேர்தலில் ஷின் ஃபேன் கட்சி 42 பேரை மட்டும் நிறுத்தி 37 இடம் வென்றது. இன்னும் ஆட்களை நிறுத்தியிருந்தால் கூடுதல் இடம் கிடைத்திருக்கும். ஆதரவு அவ்வளவு ஏறும் என்று அந்தக் கட்சியே எதிர்பார்க்கவில்லை. வாக்காளர் பக்கத்துக் குறை ஒன்று: சீட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால், ஒரே கட்சியின் இருவரில் மேலே இருப்பவருக்கு '1' கூடுதலாக விழுகிறது. ஸ்காட்லாந்தில் இது திரும்பத் திரும்பத் தென்பட்டது. சீட்டுக்குச் சீட்டு வரிசையை மாற்றி அச்சிடுவது இதற்குத் தெரிந்த மருந்து. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நெடுங்காலமாக அப்படித்தான்.

பரப்பளவு இன்னொரு தடை. ஐந்து உறுப்பினர் தொகுதி என்றால் ஏறத்தாழ 3,67,000 வாக்காளர்கள். கிளாஸ்கோ, லீட்ஸ் போன்ற நகரங்களில் அது சாதாரணம், ஊர்ப் பெயரிலேயே தொகுதி அமையும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் ஐந்து தொகுதிகளைச் சேர்த்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே ஒரு நாளாகும். அங்கெல்லாம் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் தொகுதி போதும். ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்கு ஒருவரே இருக்கட்டும். விகிதம் அங்கே சற்றுக் குறையும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தனித்தனியாகக் கேட்டால் மக்கள் எல்லாவற்றையும் விரும்புகிறார்கள்: வாக்குக்கேற்ற இடம், உள்ளூர் எம்பி, கூட்டணி பேரம் இல்லாத அரசு. மூன்றும் ஒரே முறையில் கிடைக்காது. எனவே எதை முதலில் விடத் தயார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தனிக்கட்சி ஆட்சியே முக்கியம் என்றால் இப்போதைய முறையிலேயே இருங்கள். மூன்றில் ஒரு பங்கு வாக்கில் ஆட்சி அமைவதையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். எனக்கென்று ஒரே ஒரு எம்பி வேண்டும், விகிதமும் வேண்டும் என்றால் கூடுதல் உறுப்பினர் முறை, பட்டியல் 40 சதவீதத்துக்குக் குறையாமல். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சியிடமிருந்து என்னிடம் வர வேண்டும் என்றால் எஸ்டிவி. வெஸ்ட்மின்ஸ்டருக்கு நான்கு, ஐந்து உறுப்பினர் எஸ்டிவி-யே சிறந்தது என்பது எங்கள் முடிவு. ஐந்தில் ஒருவராவது தான் வாக்களித்த கட்சிக்காரராக இருந்தால், குறையைச் சொல்லப் போகும் வாசல் பெரும்பாலானவர்களுக்குத் திறந்திருக்கும். லண்டன்வாழ் தமிழர் போல ஒரு மாநகரத்தில் பல தொகுதிகளில் சிதறிய சமூகங்களுக்கும் இது பயன் தரும். ஓர் ஐந்து இடத் தொகுதியில் ஆறில் ஒரு பங்கு வாக்கு உறுதியான ஓர் இடம். அந்தப் பங்கை எட்டாதவர்களுடைய இரண்டாம் விருப்பத்தையும் வேட்பாளர்கள் தேடி வந்து கேட்டாக வேண்டும்.

எப்படிக் கொண்டுவருவது என்பதிலும் தேர்வு உண்டு. சட்டப்படி பொதுவாக்கெடுப்பு கட்டாயமில்லை, நாடாளுமன்றச் சட்டம் போதும். 2024 டிசம்பர் 3 அன்று லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் சாரா ஓல்னி விகிதாசார மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டபோது 138-க்கு 136 என்று அவை இசைந்தது. அரசு நேரம் ஒதுக்காததால் அது மேலே நகரவில்லை. தொழிற்கட்சி மாநாடு 2022-லேயே விகிதாசாரத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2024 தேர்தல் அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

பொதுவாக்கெடுப்பு வைப்பதென்றால் நியூசிலாந்தின் வழியைப் பின்பற்ற வேண்டும். 1992-ல் அங்கே ஒரே சீட்டில் இரண்டு கேள்வி: மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கில் எது? மாற்றத்துக்கு 84.7%. தேர்வில் கூடுதல் உறுப்பினர் முறையின் அங்குள்ள வடிவம் 70.5% பெற்றது. அடுத்த ஆண்டு அதையும் பழைய முறையையும் நேருக்கு நேர் நிறுத்தியபோது 53.9% வென்றது. முதல் சுற்றின் 84.7 இரண்டாம் சுற்றில் 53.9 ஆகச் சுருங்கியதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 60%-ஐ வைத்து வெற்றி உறுதி என்று எண்ணுபவர்கள் அந்தச் சரிவைக் கணக்கில் வைக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2005-ல் எஸ்டிவி 57.7% வாங்கியும் தோற்றது, ஏனென்றால் 60% வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வரம்பைச் சட்டத்தில் எழுதும் இடத்திலேயே பாதிப் போர் முடிந்துவிடுகிறது.

காலம் குறைவு. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட்டைத் தாண்ட முடியாது. கடைசியாக நடந்த தொகுதி மறுவரையறை 2021 தொடக்கத்தில் ஆரம்பித்து 2023 நடுவில் முடிந்தது, இரண்டரை ஆண்டு. கூடுதல் உறுப்பினர் முறைக்கு 390 புதுத் தொகுதி வரைய அவ்வளவு காலம் வேண்டும். எஸ்டிவி-க்கு இருக்கும் தொகுதிகளை அப்படியே மூன்று, நான்கு, ஐந்தாகச் சேர்த்துக் கட்டினால் போதும். வேல்ஸ் தன் 32 வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிகளை இரண்டிரண்டாக இணைத்துத்தான் 16 ஆக்கியது. அந்த வேலை 2024 கோடையில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது.